பொன்னாடை வேண்டாம் என்ற மனு அக்காவுக்கு ஒரு விழா

பொன்னாடை வேண்டாம் என்பதுதான் அவர் போட்ட முதல் நிபந்தனை. மாலையும் வேண்டாம், பட்டமும் வேண்டாம், ‘தியாகச் சுடர்’ மாதிரி எதையாவது அச்சடித்து வைத்திருந்தால் வாசலோடு திரும்பிவிடுவேன் என்றார். இரண்டாவது, கட்சிக்காரர்களோ எஸ்டேட் நிர்வாகத்தைச் சேர்ந்தவர்களோ மேடையில் உட்காரக் கூடாது. மூன்றாவது, அவரிடம் மனு எழுதிக்கொண்ட எந்தப் பெண்ணையும் மைக் முன்னால் நிறுத்தி அவள் கதையைச் சொல்ல வைக்கக் கூடாது. நான்காவது நிபந்தனை யானை சம்பந்தப்பட்டது. அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் நீலகிரி மாவட்டம் பந்தலூர் பஜாரில் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருப்பவள். சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் ‘மனு அக்கா’ என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கொழுந்து பறிக்கிற வேலையிலேயே காலம் முழுக்க இருந்து ஓய்வு பெற்றவர். வேலை முடிந்து வந்த சாயங்காலங்களில் மற்றவர்களுக்காக மனு எழுதுவார். பிரசவகாலச் சம்பளம், பிள்ளைக் காப்பகம், அடிக்கிற புருஷன், தொட்டுப் பேசுகிற சூப்பர்வைசர், வாக்காளர் பட்டியலில் விடுபட்ட பெயர், இழுத்தடிக்கப்படும் சாதிச் சான்றிதழ் என்று எல்லாம் அவரிடம் வரும். படித்தது எட்டாம் வகுப்பு. எந்தச் சங்கத்திலும் பொறுப்பில் இருந்ததில்லை. பேப்பர் செலவு, தபால் செலவு தவிர யாரிடமும் ஒரு ரூபாய் வாங்கியதில்லை.

அவர் வேலையிலிருந்து நின்றதும், நாலைந்து மகளிர் குழுக்கள் சேர்ந்து அவருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று பேச்சு கிளம்பியது. மலையில் இப்படிப்பட்டவர்கள் இன்னும் பல ஊர்களில் இருக்கிறார்கள், அவர்களைப் பாராட்ட நினைக்கிறவர்களும் இருப்பார்கள். நாங்கள் எதைச் செய்தோம், எதை விட்டோம் என்று எழுதி வைத்தால் அவர்களுக்கு உதவும்.

முதலில் பாராட்டப்படுகிறவரிடம் கேட்க வேண்டும். இதையெல்லாம் சொல்ல வேண்டுமா என்று தோன்றும். நான் போன பல விழாக்களில் தேதி, தலைமை, நோட்டீஸ், சாப்பாடு எல்லாம் முடிவான பிறகுதான் அவருக்கே சேதி போயிருக்கும். ஒரு விழாவில் வயதான அம்மா ஒருவர் மேடையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, வந்தவர்கள் அவரவர் பெருமையைப் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஏற்புரைக்கு மைக் அவர் கைக்கு வந்தபோது பாதிக் கூட்டம் சாப்பாட்டு வரிசையில் நின்றது. அந்த விழாவில் அக்கா என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். நிபந்தனைகள் எங்கிருந்து வந்தன என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மேடை விஷயம் கொஞ்சம் சிக்கலானது. எங்கள் பக்கம் ஒரு தோட்டத்துக்கு இரண்டு மூன்று சங்கமாவது இருக்கும், ஒவ்வொரு சங்கத்துக்கும் ஒரு கொடி, கொடிக்குப் பின்னால் ஒரு கட்சி. ஒருவரைக் கூப்பிட்டால் அடுத்தவர் கோபித்துக்கொள்வார். எனவே எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னோம்: வாருங்கள், கீழே நாற்காலி இருக்கிறது, கொடி வேண்டாம், நோட்டீஸில் யார் பெயரும் இல்லை. பெயர் இல்லாவிட்டால் வரமாட்டோம் என்று சிலர் சொன்னார்கள். சரி, அவர்கள் வரவில்லை. வந்த சங்கத்துக்காரர்கள் பின்வரிசையில் கடைசிவரை இருந்து, முடிந்ததும் நாற்காலி அடுக்கிக் கொடுத்தார்கள்.

பணமும் அப்படித்தான். பந்தல் செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று ஒரு எஸ்டேட்டிலிருந்து ஆள் அனுப்பினார்கள். அந்த எஸ்டேட் மேலேயே அக்கா எழுதிய மனு ஒன்று நிலுவையில் இருந்தது. நன்றி சொல்லித் திருப்பி அனுப்பினோம். தலைக்கு இருபது ரூபாய், அதற்கு மேல் யார் நீட்டினாலும் வாங்குவதில்லை என்று வைத்துக்கொண்டோம். இதில் எனக்கு ஒரு கணக்கு உண்டு. ஆயிரம் கொடுத்தவர் முன்வரிசை கேட்பார், இருபது கொடுத்தவர் வீட்டில் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வருவார். வரவு செலவை ஒரு சார்ட்டில் எழுதிக் கூடத்தின் கதவிலேயே ஒட்டினோம். தேங்காய் விலையை மட்டும் இரண்டு பேர் வந்து சண்டை பிடித்தார்கள்.

தேதிக்கு எல்லோரும் முதலில் சொன்னது மார்ச் 8. பேனரில் போட நன்றாக இருக்கும்தான். அது வேலை நாளாக வந்தால் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு நாள் கூலி போய்விடும், பெண்கள் தினத்தைக் கொண்டாடப் பெண்களே கூலியை இழப்பது எந்த ஊர் நியாயம்? ஜூன் தொடங்கி நாலு மாதம் தேவாலா, சேரம்பாடி பக்கம் விடாத மழை, குடையோடு வந்து குடையோடு போக வேண்டியதுதான். மழைக்குப் பிந்தைய மாதங்களில் கொழுந்து கொட்டும், ஞாயிற்றுக்கிழமையும் கூப்பிடுவார்கள். பலாப்பழக் காலத்தில் யானை லயத்துக்குள்ளேயே, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்குள்ளேயே, வந்து நிற்கும். எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால் மிஞ்சியது பிப்ரவரி. பனி, கொழுந்து குறைவு, வானம் வெளுத்திருக்கும். அதிலும் சம்பளம் போட்டதற்கு அடுத்த ஞாயிறாகப் பார்த்தோம், பஸ் காசு கையில் இருக்கும்.

நான்காவது நிபந்தனை என்றேனே, அது இதுதான். மூன்றரை மணிக்குக் கூட்டம் முடிந்துவிட வேண்டும். பஸ் இறங்கி லயம் வரை தேயிலைக்குள் நடக்க வேண்டியவர்கள் பாதிப் பேர். இருட்டினால் ஆள் நடமாட்டம் நின்றுவிடும் பாதைகள் அவை. “எனக்கு விழா எடுத்து அந்தப் பிள்ளைகளை ஆனைக்கிட்ட கொண்டுபோய் விட்றாதீங்க” என்றார். அதனால் பேசுகிறவர்களுக்கு மூன்று நிமிஷம் என்று வைத்தோம். மணி அடிக்க ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தியை நிறுத்தினோம். பெரியவர்கள் மணி அடித்தால் கெஞ்சிக் கொஞ்சி நீட்டிவிடுவார்கள், சின்னப் பெண் அடித்தால் வெட்கப்பட்டு இறங்கிவிடுவார்கள்.

இதெல்லாம் ஏற்பாடு. உண்மையான வேலை காகிதங்களில் இருந்தது.

அக்கா தன்னைப் பற்றிப் பேசமாட்டார். ரெக்கார்டரை வைத்து “உங்க வாழ்க்கையச் சொல்லுங்கக்கா” என்று கேட்டால் “என்னா இருக்கு சொல்ல, எல்லாரும் பட்டதுதான்” என்று தேத்தண்ணி போட எழுந்துவிடுவார். நாங்கள் வேறு வழி பிடித்தோம். அவர் எழுதிய ஒவ்வொரு மனுவுக்கும் ஒரு நகல் வைத்திருந்தார். லயத்து வீட்டின் அடுப்புக்கு மேலே பரணில், மஞ்சள் பைகளில் சுருட்டிச் சொருகி வைத்திருந்தார். எங்கள் ஊர் ஈரத்தில் வெளியே வைத்த காகிதம் ஒரு மழைக்கே பூஞ்சை பிடிக்கும். பரணில் இருந்ததால் புகை ஏறிப் பழுப்பாகியிருந்ததே தவிர, பூச்சி தொடவில்லை. பழையவை கார்பன் வைத்து எழுதியவை, நீல எழுத்து மங்கிப்போயிருந்தது. ஒவ்வொரு நகலின் முதுகிலும் தபாலாபீஸ் ஒப்புகை அட்டையைச் சோற்றுப் பசையால் ஒட்டியிருந்தார். நேரில் கொடுத்தவற்றில் ‘பெறப்பட்டது’ என்ற ரப்பர் ஸ்டாம்பும் கிளார்க்கின் கிறுக்கல் கையெழுத்தும் இருந்தன.

ஒரு காகிதத்தை எடுத்துக் கையில் கொடுத்து “இது என்னக்கா?” என்று கேட்க வேண்டியதுதான். அப்புறம் அவரை நிறுத்த முடியாது. ஒருவரின் வாழ்க்கையைப் பதிவு செய்ய நினைப்பவர்களுக்கு என் அனுபவத்தில் இதைவிட நல்ல வழி தெரியாது. கேள்வியைக் கொண்டு போகாதீர்கள், அவர் கைப்பட்ட பொருள் ஒன்றைக் கொண்டு போங்கள். இன்னொன்று, வருஷத்தை மட்டும் ஞாபகத்திலிருந்து எழுதாதீர்கள். அக்கா “பெரிய மழை பெஞ்சதுக்கு முந்தின வருஷம்” என்பார், முத்திரை வேறு சொல்லும். முத்திரை சொன்னதையே எழுதினோம்.

பையின் அடியில் அவர் அப்பாவின் இந்தியப் பாஸ்போர்ட் கிடைத்தது. கண்டியில் கொடுத்தது. அதைக் கையில் வாங்கியதும்தான் இலங்கையில் ஹட்டன் பக்கம் அவர்கள் இருந்த தோட்டத்தைப் பற்றிப் பேசினார். இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர்களான மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது, அடுத்த வருஷமே ஓட்டும் போனது. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்வது என்று முடிவானது. மீதி ஒன்றரை லட்சம் பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். ஒப்பந்தம் போடுமுன் அந்த ஜனங்களைக் கூப்பிட்டு வைத்து யாரும் பேசவில்லை. அக்கா குடும்பம் எழுபதுகளின் நடுவில் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, பந்தலூர் வந்தது. இப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் அரசு 1968இல் நீலகிரியில் தேயிலை நட ஆரம்பித்தது, அதுதான் பின்னால் டேன்டீ என்கிற அரசுத் தேயிலைக் கழகம் ஆனது. இங்கே வந்துதான் அவர் அப்பா முதல் முறையாக ஓட்டுப் போட்டாராம். அன்று வேட்டியைக் கஞ்சி போட்டுக் கட்டிக்கொண்டு போனதை அக்கா இப்போதும் சொல்கிறார்.

அதனாலோ என்னவோ, அவர் மனுக்களில் பாதிக்குப் பாதி வாக்காளர் பட்டியல், ரேஷன் கார்டு, சான்றிதழ் சம்பந்தப்பட்டவை. கல்யாணமாகி வேறு தோட்டத்துக்குப் போகிற பெண்ணின் பெயரைப் பிறந்த இடத்தில் நீக்குவார்கள், புகுந்த இடத்தில் சேர்க்கமாட்டார்கள். இப்படி நடுவில் விழுந்த பெயர்களை அக்கா ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதி வைத்து, பெயர் சேர்க்கிற படிவம் 6 வாங்கி நிரப்பிக் கொடுப்பார். பெண்ணுரிமை வேறு, குடியுரிமை வேறு என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. ஒரு பெண்ணின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லையென்றால் அவள் அடி வாங்கியதைக்கூட எந்த ஆபீஸிலும் சொல்ல முடியாது என்பார்.

பிள்ளைக் காப்பகக் கதையை அவர் வாயால் கேட்க வேண்டும். தொண்ணூறுகளில் ஒரு தனியார் எஸ்டேட். மரக்கிளையில் தூளி கட்டிப் பிள்ளையைப் போட்டுவிட்டுக் கொழுந்து எடுப்பார்கள், திரும்பி வந்தால் பிள்ளை காலில் அட்டை. காப்பகம் என்று ஒரு கட்டடம் இருந்தது, உள்ளே உரமூட்டை. அப்போது நடப்பில் இருந்த 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டப்படி ஐம்பது பெண்கள் வேலை செய்தால், அல்லது அவர்களுடைய ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருபது பேர் இருந்தால், காப்பகம் கட்டாயம். நிர்வாகம் காட்டிய பட்டியலில் பெண்கள் ஐம்பதுக்குக் குறைவு, மீதிப் பேரெல்லாம் ‘டெம்ப்ரரி’. முந்தைய பன்னிரண்டு மாதத்தில் ஏதாவது ஒரு நாள் ஐம்பது பேர் இருந்திருந்தாலே போதும் என்று சட்டத்தில் இருப்பதை அக்கா ஒரு வக்கீல் குமாஸ்தாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

அப்புறம் அவர் செய்த வேலைதான் வேலை. கொழுந்து நிறுக்கிற இடத்தில் தன் முறைக்குக் காத்திருக்கும்போது முன்னாலும் பின்னாலும் நிற்கிறவர்களின் பெயரை மனசில் ஏற்றிக்கொண்டு, ராத்திரி வீட்டுக்கு வந்து எழுதுவார். எழுதியதை லயம் லயமாகக் கொண்டுபோய் வாசித்துக் காட்டிக் கைநாட்டு வாங்கினார். அந்தத் தாள் எங்களுக்குக் கிடைத்தது. சுற்றிலும் ஊதா நிறப் பெருவிரல் ரேகைகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அக்காவின் குண்டுக் கையெழுத்தில் பெயர், கீழே பிள்ளையின் பெயரும் வயதும். தொழிலாளர் துறையிலிருந்து ஆய்வாளர் வந்தார். உரமூட்டை வெளியே போனது. அக்காவை அதற்கப்புறம் கொஞ்ச காலம் மலை உச்சி வரிசைக்கே பறிக்க அனுப்பினார்கள், அதைப் பற்றி அவர் மனு எழுதவில்லை.

இந்தத் தாளைப் பார்த்ததும் எங்கள் குழுவில் ஒருத்தி, எல்லா மனுவையும் பெரிதாகப் பிரிண்ட் போட்டுச் சுவர் முழுக்க மாட்டலாம் என்றாள். எனக்கும் ஆசைதான். ஆனால் பெண்கள் சம்பந்தப்பட்ட காகிதங்களை அப்படி மாட்டக் கூடாது. பணியிடத்தில் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, புகார் கொடுத்த பெண், எதிராளி, சாட்சிகள் யாருடைய அடையாளத்தையும் வெளியிடக் கூடாது என்கிறது. சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். இருபது வருஷத்துக்கு முன் புருஷன் அடித்தான் என்று எழுதிக்கொடுத்த பெண் இன்று மாமியாராகி, மருமகளோடு அந்தக் கூட்டத்துக்கு வருவாள். பெயரை மட்டும் கறுப்பு மையால் அடித்தால் போதாது. எங்கள் மாதிரி சின்ன ஊரில் எஸ்டேட் பெயரும் மாதமும் இருந்தாலே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். கடைசியில் காப்பகம், ரோடு, தண்ணீர், வாக்காளர் பட்டியல் என்று ஊர்ப் பொதுவான மனுக்களை மட்டும் மாட்டினோம். அவற்றிலும் கைநாட்டு வைத்தவர்களில் உயிரோடிருப்பவர்களைக் கேட்டுக்கொண்டோம். வீட்டு வன்முறை, தொல்லை சம்பந்தப்பட்டவற்றைப் போட்டோகூட எடுக்காமல் கட்டி அக்காவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டோம். மற்றவற்றை மொபைலில் ஸ்கேன் செய்தோம். மங்கிய கார்பன் எழுத்துக்கு ஒரு சின்ன உபாயம்: வெயிலில் வைத்துத் தாளின் பின்னால் கறுப்பு அட்டை வைத்து எடுங்கள், மறுபக்க எழுத்து ஊடாகத் தெரியாது.

விழா நாளைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை, நன்றாக நடந்தது. துணி பேனர். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் எங்கள் மாவட்டத்தில் கிடையாது என்பதால் அண்டாவில் சீரகத் தண்ணீர், எவர்சில்வர் டம்ளர். சமையல் ஆண்கள் பொறுப்பு. இதில் நான் பிடிவாதமாக இருந்தேன். பெண்ணுரிமைக் கூட்டத்தில் பெண்கள் பின்கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தால் யார் உட்கார்ந்து கேட்பது? தேங்காய் ரொட்டியும் சம்பலும் போட்டார்கள். ரொட்டி கொஞ்சம் கட்டை மாதிரித்தான் வந்தது, யாரும் குறை சொல்லவில்லை.

பணியர் பழங்குடிக் காலனியிலிருந்து பெண்கள் வந்திருந்தார்கள். அவர்களை ஆட்டம் ஆட வைக்கலாம் என்று முதலில் பேச்சு வந்தபோது அக்கா ஒரே வார்த்தையில் வெட்டிவிட்டார்: “ஆடத்தான் கூப்பிடுவீங்களா, பேசக் கூப்பிடமாட்டீங்களா?” வன உரிமைச் சட்டம் 2006இல் வந்தது. கல்யாணமானவர்களுக்கு உரிமைப் பத்திரம் கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. அது தெரியாமல் ஆண் பெயரை மட்டும் எழுதி வந்த விண்ணப்பங்களை அக்காவோடு உட்கார்ந்து திருத்தியதைப் பற்றி ஒரு அம்மா அவர்கள் மொழியிலேயே பேசினார். பாதிதான் எனக்குப் புரிந்தது. மணி அடிக்கிற பெண் அந்த ஒரு பேச்சுக்கு மட்டும் மணியை அடிக்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

திருப்பூரிலிருந்து அக்காவின் மகன் வந்திருந்தார். பேசச் சொன்னோம், மாட்டேன் என்றார். சாப்பிடும்போது என்னிடம் மட்டும், “எங்கம்மாவ நான் ஏதாவது ஆபீஸ் வாசல்லதான் பாத்திருக்கேன். பள்ளிக்கூடத்துல கையெழுத்துப் போடக்கூட பாட்டிதான் வருவாங்க” என்றார். கோபமாகச் சொன்னாரா, பெருமையாகச் சொன்னாரா என்று எனக்கு விளங்கவில்லை. இப்படிப்பட்ட விழாக்களில் குடும்பத்தாரை மேடையேற்றி ‘அம்மாவைப் பெற நாங்கள் கொடுத்து வைத்தவர்கள்’ என்று சொல்ல வைப்பது வழக்கம். அவர்கள் விலை கொடுத்தவர்கள். பேச விருப்பமில்லை என்றால் விட்டுவிடுவதுதான் மரியாதை.

ஏற்புரையை முதலிலேயே வைத்துவிட்டோம், கூட்டம் நிறைந்திருக்கும்போதே. அக்கா வாழ்த்துக்கு நன்றி சொல்லி ஒரு நிமிஷம், மனு எழுதுவது எப்படி என்று பத்து நிமிஷம் பேசினார். அவர் சொன்னதை நான் டைப் அடித்து இரண்டு பக்கமாகக் கடையில் வைத்திருக்கிறேன், கேட்பவர்களுக்கு இலவசம். சாரம் இதுதான். ஒரு மனுவில் ஒரு விஷயம்தான் இருக்க வேண்டும், ரோடும் ரேஷனும் சேர்ந்து வந்தால் இரண்டும் நடக்காது. அழுகை வேண்டாம், தேதியும் இடமும் வேண்டும். ‘ஆவன செய்ய வேண்டுகிறேன்’ என்று முடிக்காமல், என்ன வேண்டுமோ அதைக் கடைசி வரியில் எழுத வேண்டும். கைநாட்டு வாங்குமுன் முழுவதையும் வாசித்துக் காட்ட வேண்டும். இரண்டாம் பிரதியில் முத்திரை வாங்காமல் ஆபீஸைவிட்டு வெளியே வரக் கூடாது. திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஊட்டிக்குப் போய்க் கலெக்டரிடம் கொடுத்தால் மனு எண்ணை வாங்கிக்கொள்ள வேண்டும். பதில் வரவில்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில், பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, ‘என் மனுமீது எந்தத் தேதியில் யார் என்ன நடவடிக்கை எடுத்தார்’ என்று கேட்க வேண்டும். அதற்கு முப்பது நாளில் பதில் சொல்லியாக வேண்டும்.

அடி வாங்கிக்கொண்டு வருகிற பெண்ணிடம் அவர் முதலில் சொல்வது, வீட்டைவிட்டு நீ போக வேண்டியதில்லை என்பது. 2005ஆம் ஆண்டு வீட்டு வன்முறைச் சட்டப்படி, வீடு யார் பெயரில் இருந்தாலும் அங்கே குடியிருக்கிற உரிமை அவளுக்கு உண்டு. இரவில் ஆபத்து என்றால் பெண்கள் உதவி எண் 181. வக்கீலுக்குப் பணம் இல்லை என்று யாரும் தயங்க வேண்டாம், பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு, எண் 15100. வேலையிடத்தில் பாலியல் தொல்லை கொடுப்பவர் முதலாளியே என்றாலும், வேலை செய்கிறவர்கள் பத்துப் பேருக்குக் குறைவு என்றாலும், மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதத் தெரியாதவளுக்கு எழுத உதவுவது குழுவின் கடமை.

என் பங்குக்கு ஒன்று சேர்க்கிறேன். அக்காவின் பழைய மனுக்களை மாதிரியாக வைத்து எழுதும்போது சட்டத்தின் பெயரையும் பிரிவு எண்ணையும் அப்படியே காப்பி அடிக்காதீர்கள். தோட்டத் தொழிலாளர் சட்டம், பிரசவப் பயன் சட்டம், 1976ஆம் ஆண்டுச் சம ஊதியச் சட்டம் எல்லாவற்றையும் 2019, 2020இல் நிறைவேறிய நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுக்குள் அடக்கிவிட்டார்கள். பிரசவ விடுப்பும் முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 2017 முதல் 26 வாரம், அக்காவின் பழைய நகல்களில் 12 வாரம் என்றுதான் இருக்கும்.

பரிசு என்று நாங்கள் கொடுத்தது ஒரு மேசை, இரண்டு நாற்காலி, பூட்டுப் போட்ட இரும்பு பீரோ. மகளிர் குழுக் கட்டடத்தில் போட்டிருக்கிறோம். ஞாயிறு மதியம் அக்கா வந்து உட்காருவார், நாலு பெண்கள் அவரோடு உட்கார்ந்து பழகுகிறார்கள். ஒருத்தி பி.காம். முடித்தவள், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், ஆனால் எல்லா மனுவையும் ‘கண்ணீருடன் எழுதுவது’ என்றுதான் ஆரம்பிக்கிறாள். அக்கா ஒவ்வொரு தடவையும் அந்த வரியை அடித்துவிட்டுத் தேதியை எழுத வைக்கிறார்.

பீரோ சாவி யாரிடம் இருப்பது என்பதுதான் இப்போதைய தகராறு. குழுத் தலைவி தன்னிடம் இருக்கட்டும் என்கிறார், அவர் வீட்டுக்காரர் ஒரு சங்கத்தில் இருக்கிறார். என் கடையில் வைக்கலாம் என்றால், கடைக்குப் பத்துப் பேர் வருவார்கள் என்கிறார்கள், அதுவும் சரிதான். இரண்டு பூட்டுப் போட்டு இரண்டு பேரிடம் சாவி கொடுக்கலாம் என்று அடுத்த கூட்டத்தில் பேசப்போகிறோம். அக்காவைக் கேட்டால், “அத நீங்கதான் முடிவு பண்ணணும், நான் எத்தன நாளைக்கு” என்று சொல்லிவிட்டு, வந்து உட்கார்ந்திருந்த பெண்ணிடம் “ஆதார் கார்டு கொண்டாந்தியா?” என்று கேட்டார்.